மார்கழிக்கு ஒதுக்கி வைத்த வண்டி

கார் விற்கிறவர்களுக்கு வருடத்தில் பத்து மாதம்தான். ஆடியும் மார்கழியும் கணக்கில் வராது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் உங்களுக்கே இது தெரிந்திருக்கும். கடன் கிடைத்து, நிறம் பிடித்து, வண்டி வந்து யார்டில் நின்ற பிறகும், "தை பொறக்கட்டும் மேடம், எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர், சாமியாவது பூதமாவது என்று என் மேசையில் அரை மணி நேரம் வாய் கிழியப் பேசினார். டெலிவரி டிசம்பர் இருபது என்றதும் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்லதான் ஒரு மாதிரி பாப்பாங்க" என்றார். தையில்தான் எடுத்தார், அதுவும் ராகு காலம் கழித்து.

கம்பெனிக்குப் பஞ்சாங்கம் கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்று தாண்டினால் அந்த வருடம் செய்த வண்டியெல்லாம் பழைய வருடத்து வண்டி ஆகிவிடும். அதனால் டிசம்பரில்தான் தள்ளுபடியை அள்ளிக் கொடுப்பார்கள். ஊரே வண்டி எடுக்கத் தயங்கும் மாதத்தில்தான் விலை அடிமட்டத்துக்கு வரும். அந்த மாதத்தில் எத்தனை வண்டி விற்றாய் என்பதை வைத்துத்தான் ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்குக் கல்தா.

என் முதல் மேலாளர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயர் வேண்டாம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், வஞ்சனை இல்லாமல் கற்றுக்கொடுத்தார், கெட்டதையும் சேர்த்து. "மே மாசத்துலயே மார்கழிக்கு ஆள் சேக்க ஆரம்பிச்சுடணும்மா. பேரப் பாரு, மாசத்தச் சொல்லு" என்பார். புரிகிறதல்லவா? வருகிறவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் அவருக்கு மார்கழி ஒரு பொருட்டில்லை. அவருக்கு ஜூனிலோ ஜூலையிலோ விற்று வீணாக்கக் கூடாது. நைசாகப் பேசி டிசம்பருக்குத் தள்ளி வைக்க வேண்டும். அவருக்கும் தள்ளுபடி கிடைக்கும், நமக்கும் டிசம்பர் நிரம்பும். இதற்காக என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஆழ்வார்பேட்டை ஷோரூமில் என் அளவுக்கு அந்த நோட்டை நிரப்பியவர்கள் யாரும் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

என் வேலையின் கடைசி வருடங்களில்தான் மின்சார வண்டி வந்தது. ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், சாந்தோமிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் நாலைந்து வருடம் இருந்தது. கணவர் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. பெயரைக் கேட்டதுமே என் கை தானாக மார்கழி நோட்டின் பக்கம் போய்விட்டது.

டெஸ்ட் டிரைவுக்கு நான்தான் கூடப் போனேன். கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பினோம். காலை பதினொரு மணி, நல்ல வெயில். மின்சார வண்டியில் பெடலிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறையும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதில் திணறுவார்கள், முன்னால் போய் முட்டிக்கொள்வதுபோல் ஒரு குலுக்கல் குலுக்குவார்கள். இவர் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். பெடலைத் தடவிக் கொடுப்பதுபோல் ஓட்டினார்.

"ஏம்மா, காலை எடுத்தா மோட்டாரே ஜெனரேட்டராயிடுது பாத்தியா? முப்பத்திரண்டு வருஷம் இத போர்டுல வரைஞ்சு வரைஞ்சு காட்டிருக்கேன். ஒரு பய நம்பினதில்ல. இன்னிக்குத்தான் நானே கால்ல தொட்டுப் பாக்கறேன்" என்றார்.

பின் சீட்டில் டீச்சர் சிரித்தார். "வீட்ல மிக்ஸி ஓடினாலும் இதேதான் பேசுவார் மேடம்."

ஷோரூமுக்கு வந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்குப் பணம் கட்டினா எப்ப வரும்?" என்பதுதான். மூன்று வாரம் என்றேன். "மூணு வாரம்னா பரவால்லங்க" என்று டீச்சர் கணவரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வசதியுள்ளவர்களின் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காகிதத்தை எடுத்தேன். என் திறமையே அந்தக் காகிதம்தான். மின்சார வண்டிக்குக் கடன் வாங்கினால், கட்டும் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரிச்சலுகை அப்போது இருந்தது. கடனை வங்கி அடுத்த மார்ச் முடிவதற்குள் அனுமதித்திருந்தால் போதும். டீச்சருக்குச் சம்பளம் இருந்ததால் கடன் அவர் பெயரில், கழிவும் அவருக்கே. சாலை வரி ஜூனிலும் கிடையாது, டிசம்பரிலும் கிடையாது. ஆக டிசம்பர் வரை பொறுத்தால் கையை விட்டுப் போவது ஒன்றுமில்லை. உள்ளே வருவது மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தள்ளுபடி. கோடு போட்டு, கூட்டி, வட்டமும் போட்டுக் கொடுத்தேன். கணக்கு டீச்சருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்த பெருமை எனக்கு.

கணவர் அந்தக் காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கணக்கு சரிதான்" என்றார். குரலில் உற்சாகமே இல்லை. டிசம்பருக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்டில் டீச்சர் போன் செய்தார். ஆடி முடிந்து ஆவணி பிறந்த நேரம், ஷோரூமில் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. "மேடம், இப்பவே எடுத்துட்டா எவ்ளோ நஷ்டம் வரும்?"

"ஒண்ணு நாப்பது டீச்சர். யாராவது தெரிஞ்சே விடுவாங்களா?"

"இல்ல, அவருக்கு இப்ப..."

"சார் ஆசப்படறார், எனக்குப் புரியுது. ஆசப்பட்டு அவசரப்படறவங்ககிட்டதான் டீச்சர் நாங்க லாபம் பாக்கறதே. உங்கள என் வீட்டு மனுஷங்களா நெனச்சு சொல்றேன், பொறுங்க."

டீச்சர் "சரிங்க" என்று வைத்துவிட்டார். அவர் முடிக்காத அந்த வாக்கியத்தை நான் முடிக்க விட்டிருந்தால் பத்து வினாடி ஆகியிருக்கும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்ல வந்தாள், சொல்ல விடவில்லை. என் வீட்டு மனுஷங்க என்று சொன்ன அந்த வாயை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்டோபரில் ஆயுத பூஜை. அந்த நாள் நம் ஷோரூம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம், மாலை போட்ட வண்டிகள் வரிசையாக நிற்கும். அன்றைக்கு மட்டும் என் கையால் ஆறு டெலிவரி. அந்த அமளியில் டீச்சரின் கணவர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். காட்சிக்கு வைத்திருந்த மின்சார வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் டெலிவரிப் பையன்களில் ஒருவன் என்னிடம் வந்து, "மேடம், அந்தப் பெருசு எறங்க மாட்டேங்குது. இன்னா பண்றது?" என்று கேட்டான். நான் போனேன்.

"ஏம்மா, இன்னிக்கே ஒரு வண்டி கெடைக்குமா?" என்றார். முகத்தில் ஒரு வெட்கம், சின்னப் பிள்ளை காசு கேட்பதுபோல.

வண்டி இருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலைதான் அசோக் நகர்க்காரர் ஒருவர் கடன் கிடைக்காமல் பின்வாங்கியிருந்தார். இவர் கேட்ட அதே மாடல், அதே வெள்ளை, யார்டில் கழுவித் துடைத்து நின்றுகொண்டிருந்தது. டீச்சருக்குப் போன் போட்டு, வங்கி ஆளைப் பிடித்து, நாலு நாளில் கொடுத்திருக்கலாம். ஆனால் என் அக்டோபர் அன்றே நிறைந்து வழிந்தது. டிசம்பர் பக்கத்தில் அதுவரை மூன்றே பெயர், அதில் இவர் ஒருவர். இவருக்கு இப்போது விற்றால் டிசம்பரில் நான் யாரிடம் போய் நிற்பேன்?

"இன்னும் ரெண்டே மாசம் சார். இவ்ளோ நாள் பொறுத்துட்டீங்க" என்றேன்.

"இல்லம்மா, மழை வர்றதுக்குள்ள ஒரு ரெண்டு வாரம் நல்ல வெளிச்சத்துல ஓட்டிப் பாத்துடலாம்னு..."

நான் சிரித்தேன். "மழையப் பத்தி பயப்படாதீங்க சார். பேட்டரிக்குள்ள தண்ணி போகாது. முட்டளவு தண்ணில ஓட்டினாலும் ஷாக் அடிக்காது, கம்பெனியே சோதிச்சிருக்காங்க." பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில். தினம் நாலு பேர் கேட்பார்கள், நாலு பேருக்கும் இதே பதில். மின்சாரத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய மனிதரிடம் போய் ஷாக் அடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேட்டரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார்.

அவர் கதவைத் திறந்து, தரையைக் காலால் துழாவிவிட்டு மெதுவாக இறங்கினார். வெளியே போகும்போது வாசலில் நின்ற மாலை போட்ட வண்டியின் கண்ணாடியில் முழங்கை இடித்தது. "சாரி" என்றார், வண்டியிடம். கூட்டத்தில் யாரையோ இடித்துவிட்டதாக நினைத்திருக்கிறார். அதையும் பார்த்தேன். அடுத்த டெலிவரிக்கு ஐயர் காத்திருந்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வெள்ளை வண்டியை மறுநாளே தி. நகரில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு முழு விலைக்கு விற்றோம். சபாஷ் என்றார்கள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் வண்டி டெலிவரி. சொன்ன தள்ளுபடியை ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக் கொடுத்திருந்தேன். கடன் அனுமதிக் கடிதம் மார்ச்சுக்கு மூன்று மாதம் முன்னதாகவே கையில் இருந்தது. கேக், பூங்கொத்து, பெரிய அட்டைச் சாவி எல்லாம் தயார். என் தேதிக் கணக்கில் எங்குமே பிசகில்லை.

டீச்சர் கணவரின் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மருமகனாக இருக்கும் என்று நினைத்து அவருக்கும் ஒரு ரோஜாவைக் கொடுத்தேன். வண்டியின் மேலிருந்த பட்டுத் துணியை இழுத்தோம், கை தட்டினோம். அட்டைச் சாவியை டீச்சரின் கணவர் கையில் கொடுத்தபோது புகைப்படக்காரர், "சார், இங்க பாருங்க, கேமராவப் பாருங்க" என்றார். அவர் பார்த்தார், கேமரா இல்லாத பக்கம். டீச்சர் அவர் தாடையைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். "கண்ல பிரஷர் மேடம். ஓரத்துலேருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமா போய்ட்டே இருந்துச்சு. ஜூன்ல, பகல்ல ஓட்டலாம், பழகின ரோடுன்னா பரவால்லனு டாக்டர் சொன்னார். அதான் ஓடி வந்தோம். நவம்பர்ல இனிமே ஸ்டியரிங்கத் தொடாதீங்கனுட்டார்."

"ஏன் டீச்சர் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லதான் மேடம் போன் பண்ணேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரும் ஒரு நாள் வந்தாராமே. வீட்டுக்கு வந்து, நீங்க சொல்றதுதான் கணக்குப்படி சரின்னார்."

கூட வந்தவர் மருமகன் இல்லை, புதிதாக அமர்த்திய டிரைவர். ரோஜாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

டீச்சரின் கணவர் ஒருமுறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும் என்றார். உட்கார வைத்தோம். பட்டனை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன, திரை ஒளிர்ந்தது. அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஆன் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க" என்றார் டீச்சர்.

"ஒரு சத்தமும் இல்லையே. பழைய பெட்ரோல் வண்டின்னா சத்தமாவது கேக்கும்" என்று சிரித்தார். பிறகு நான் பக்கத்தில் நிற்பதை உணர்ந்து, என் பக்கம் திரும்பி, "நீ சொன்ன மாதிரியே தள்ளுபடி வாங்கிக் குடுத்துட்டம்மா, தேங்க்ஸ். டிரைவர் சம்பளம் ஏழு மாசத்துக்குக் கவல இல்ல" என்றார். குத்திக் காட்டவில்லை. நான் அவரைக் கூர்ந்து பார்த்தேன். நிஜமாகவே நன்றிதான் சொன்னார்.

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது தள்ளுபடி, வரிச்சலுகை எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. எந்தத் தேதியில் எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று பட்டனைத் தட்டினால் சொல்லிவிடும். என்னைவிட நன்றாகவே சொல்லும். அதைத் தப்பென்று சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள், மக்கள் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுங்கள். ஆனால் பொறுங்கள் என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன், ஏன் இப்போதே வேண்டும் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். காத்திருப்பது எல்லோருக்கும் இலவசம் இல்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது என்று கார் விற்கிற பெண்ணிடம் சொல்ல வேண்டிய கடமை அந்த மனிதருக்குக் கிடையாது. அவர் வண்டி கேட்டார். வண்டி இருந்தது. ஜூனிலேயே கொடுத்திருந்தால் நாலு மாதமாவது ஓட்டியிருப்பார். காலையில் டீச்சரைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே அடையாறு வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருப்பார். அந்த நாலு மாதத்தை என் டிசம்பருக்காக நான் எடுத்துக்கொண்டேன். பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டேன், நோட்டைக் கிழித்துப் போட்டேன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பணி ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். அந்த டிசம்பரில் நகரத்திலேயே முதலிடம் எனக்கு. மேடையில் கேடயம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு வாடிக்கையாளர் கருத்துப் படிவத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்களே, ஐந்து கேள்விக்கும் பத்துக்குப் பத்து, அது இவர்களுடையதுதான். கிளம்புவதற்கு முன் டீச்சர் என் மேசை முன் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். கணவர் எண்ணைச் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். வரவேற்பு, பத்து. விளக்கிச் சொன்ன விதம், பத்து. விலை, பத்து. சொன்ன தேதியில் டெலிவரி, பத்து. கடைசிக் கேள்வி, வண்டியை ஓட்டிப் பார்த்த அனுபவம். டீச்சர் வாசித்தார். அவர் பதில் சொல்லவில்லை. டீச்சர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கட்டத்தை அப்படியே விட்டு, படிவத்தை என்னிடம் நீட்டினார்.

காலிக் கட்டம் இருந்தால் கம்பெனி அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஒரு பூஜ்யம் விழுந்தால் முதலிடம் போய்விடும். அவர்கள் வண்டி வாசலைத் தாண்டிச் சாலையில் திரும்பும் வரை கையசைத்தேன். பிறகு மேசைக்கு வந்து, டீச்சர் வைத்துவிட்டுப் போன அதே பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் பத்து என்று போட்டேன். டீச்சர் எழுதியதுபோலவே இருக்க வேண்டுமே என்று பத்தில் வரும் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன்.